யாருக்காகச் சொல்கிறாய்?

அமெரிக்காவில் மனநலத் துறைக்குப் படிக்கலாம் என்று கிளம்புகிறவர் முதலில் சிக்கிக்கொள்வது பெயர்களில்தான். சமூகப் பணி படித்தவர்களும் சிகிச்சை தருகிறார்கள், அது எம்எஸ்டபிள்யூ. தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று தனியாக ஒரு படிப்பு உண்டு, அது எம்எஃப்டி. உளவியலாளர் என்று பலகை மாட்ட வேண்டுமானால் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் மருத்துவக் கல்லூரி. இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நாற்காலியில், ஒரே மாதிரி டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் வெளியே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நான் விண்ணப்பித்தது இவை எதற்கும் இல்லை. கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங் என்ற முதுகலைக்கு. முடித்து உரிமம் வாங்கினால் டெக்சஸில் எல்பிசி, அதாவது உரிமம் பெற்ற ஆலோசகர்.

தொழில் இளையது. 1976இல் வர்ஜீனியா மாநிலம்தான் முதலில் ஆலோசகர்களுக்கென்று உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக வந்து சேர்ந்தது கலிஃபோர்னியா, 2009இல். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு எங்கள் ஆட்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியதே 2024 ஜனவரியில்தான். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், எந்த மாநிலத்தில் வாழப்போகிறோம் என்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. அதனால் கேக்ரெப் என்ற அங்கீகாரம் உள்ள படிப்பாகப் பார்க்கச் சொல்வார்கள். 1981இல் உருவான இந்த அமைப்பின் கணக்கு இப்படி: 60 செமஸ்டர் கிரெடிட், பிராக்டிகம் எனும் முதல்கட்டக் களப்பயிற்சி 100 மணி நேரம், அதில் ஆட்களோடு நேரடியாக உட்காருவது 40, பிறகு இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதில் நேரடியாக 240. இந்த எண்களை எங்கள் வகுப்பில் எல்லோரும் வாய்ப்பாடு போல் ஒப்பிப்பார்கள்.

நான் டாலஸ் பக்கத்தில், பிளேனோவில் இருக்கிறேன். ஊர் ஈரோடு. படித்தது பொறியியல், மென்பொருள் சோதனை வேலையில் பல வருடம். மனநலம் பக்கம் என்னை இழுத்தது ஒரு குறுஞ்செய்திச் சேவை. கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் 2013இல் தொடங்கியது. நெருக்கடியில் இருப்பவர்கள் போனில் எழுதுவார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பதில் எழுதுவார்கள். 30 மணி நேரம் இணையவழிப் பயிற்சி, அதன்பின் 200 மணி நேரம் பணியாற்றுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்காருவேன்.

அந்தப் பயிற்சியில் சொல்லித்தந்த ஒன்று இன்றுவரை எனக்கு அடித்தளம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா என்று படிப்படியாகப் போக வேண்டும். இருபது வருடம் கணினிப் பிழைகளைப் பற்றிக் கூச்சமின்றிக் கேள்வி கேட்டு வந்தவளுக்கே முதல்முறை அந்த வாக்கியத்தை எழுதும்போது விரல் தயங்கியது. எழுதி அனுப்பியதும், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் ஒரு தளர்வுதான் வரும். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார் என்கிற தளர்வு.

எழுத்து வழியே கேட்பதில் ஒரு கஷ்டம்: 'ம்' கொட்ட முடியாது. முகம் இல்லை, குரல் இல்லை. எதிரில் இருப்பவர் சொன்னதைச் சரியாக வாங்கிக்கொண்டோம் என்பதை வார்த்தையிலேயே காட்ட வேண்டும். அதுவும் சுருக்கமாக. நீளமாக எழுதினால் அது நம்மைப் பற்றியதாகிவிடுகிறது.

வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏங்கண்ணு, கைநெறையச் சம்பளம் வர்ற வேலைய உட்டுப்போட்டு, ஊரார் சங்கடத்தையெல்லாம் காதுல வாங்கீட்டு உக்காரப் போறியா?"

"ஆமாம்மா."

"சரி, படிச்சு முடிச்சா வர்றவீகளுக்குப் புத்தி சொல்லுவ."

"இல்லம்மா. புத்தி சொல்லக் கூடாதுன்னுதான் அங்க சொல்லித் தர்றாங்க."

"அதுக்கு எதுக்கு கண்ணு மூணு வருசம்?"

நியாயமான கேள்வி. மூன்று வருடம் ஏன் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

விண்ணப்பத்தின் காகித வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பட்டத்தை அமெரிக்கக் கணக்கில் என்ன மதிப்பு என்று பார்த்துச் சொல்ல டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நம் கையில் வாங்கி அனுப்பக் கூடாது. அதற்காகத் தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு அலைந்தான். எனக்கு நான்கு வருடப் பட்டம் என்பதால் சிக்கல் இல்லை. மூன்று வருட பிஎஸ்சி, பிஏ படித்தவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதை இளங்கலையாக ஏற்குமா என்று தனித்தனியே முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஜிஆர்இ தேர்வைக் கேட்பதைப் பல துறைகள் விட்டுவிட்டன.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். படித்து முடித்தபின் வேலை செய்ய எஃப்-1 விசா தருவது 12 மாதம். கணினிக்காரர்களுக்குக் கிடைக்கிற கூடுதல் 24 மாதம், அறிவியல்–தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும். மனநல ஆலோசனை அதில் இல்லை. டெக்சஸிலோ முழு உரிமத்துக்கு முன்னால் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அதுவும் 18 மாதத்துக்குக் குறையாமல். 12க்குள் 18 அடங்காது. எங்களுக்கு அதற்குள் பச்சை அட்டை வந்துவிட்டதால் நான் தப்பித்தேன். இந்தக் கணக்கை யாரும் சொல்லாமல் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. ஒன்று என் மேலாளர், இன்னொன்று தன்னார்வப் பணியில் என் உரையாடல்களைக் கவனித்து வந்த பயிற்சியாளர். மூன்றாவதாக, பிளேனோவில் உள்ள சமுதாயக் கல்லூரியில் அசாதாரண உளவியல் என்று ஒரு பாடத்தை மாலையில் படித்தேன், அந்த ஆசிரியர். உளவியலே படிக்காமல் வருகிறவர்களிடம் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றைப் பல துறைகள் கேட்கும். கேட்காவிட்டாலும் படித்துவிட்டுப் போவது நல்லது என்பேன். மனச்சோர்வுக்கும் இருதுருவக் கோளாறுக்கும் வித்தியாசம் தெரியாமல் நேர்முகத்தில் உட்கார்ந்து அன்பைப் பற்றிப் பேசுவது எடுபடாது.

உண்மையான வேலை கட்டுரையில் இருந்தது. எதற்காக இந்தத் துறைக்கு வருகிறீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொல்வார்கள். நான் சித்தியைப் பற்றி எழுதினேன். சித்திக்கு என் பள்ளி நாட்களில் உடம்புக்கு முடியாமல் போனது. உடம்புக்கு என்றுதான் வீட்டில் சொன்னோம். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்தார்கள். சனி ஞாயிறுகளில் நாங்கள் போய்ப் பார்ப்போம். காவிரிக் கரை, உச்சிக்கால பூஜைக்குப் பிறகு முகத்தில் அடிக்கிற தீர்த்தம், சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பட்டதாரிப் பையன் என்று எல்லாம் வந்தது. எழுதி முடித்தபோது நானே அழுதேன். கணவர் படித்துவிட்டு, "கண்டிப்பா எடுத்துடுவாங்க" என்றார்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கிற அக்கா ஒருவர் எல்பிசி. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம். அவரிடம் கொடுத்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே படித்தார். இரண்டு பக்கத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தைவிட அதிகம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கேப்பா" என்றார். "இத யாருக்காகச் சொல்றே?"

"அவங்களுக்குத்தான்க்கா. விண்ணப்பத்தைப் படிக்கிறவங்களுக்கு."

"படிக்கிறவங்க ஒரு நாளைக்கு முப்பது நாப்பது படிப்பாங்க. இதப் படிச்சு முடிச்சதும் அவங்களுக்கு உன்னைத் தேத்தணும்னு தோணும். உன்கிட்டப் படிப்பு இருக்கு, நிதானம் இருக்கு, எழுத்துல ஒருத்தர் பேச்ச வாங்கிக்கப் பழகியிருக்கே. அதெல்லாம் எங்கே? இது சித்தியோட கதை. அதுவும் சித்தி கேட்டா சரின்னு சொல்லுவாங்களா?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அதே மூச்சில் ஒரு ஆய்வையும் சொன்னார். பிறகு தேடிப் படித்தேன். 2006இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் 'டீச்சிங் ஆஃப் சைக்காலஜி' இதழில் வெளியிட்டது. உளவியல் முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், எது ஒரு விண்ணப்பத்தைக் கெடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கட்டுரையைக் கெடுப்பவை என்று வந்த பதில்களில் முக்கியமானவை: சொந்த மனநலப் பாதிப்பை விவரிப்பது, அளவுக்கு மீறித் தன்னைத் திறந்து காட்டுவது, உலகத்தையே காப்பாற்றப் போவதாக எழுதுவது. படிக்கும்போது கோபம் வந்தது. மனநலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற துறை, வாசலில் நிற்பவரிடம் மட்டும் வாயை மூடச் சொல்கிறதே என்று. அந்தக் கோபம் இன்னும் பாதி இருக்கிறது. சேர்க்கைக் குழுக்களில் பழைய அருவருப்பும் கொஞ்சம் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மனச்சோர்வைக் கடந்து வந்த ஒருவர் அதை நிதானமாக ஒரு வாக்கியத்தில் எழுதினால் அது எப்படிக் குறையாகும்? ஆனால் மீதிப் பாதியில் அக்கா சொன்னதுதான் சரி. கதை இருக்கலாம். கதையை வாசிப்பவரின் மடியில் போட்டுவிட்டு நாம் எழுந்து போகக் கூடாது.

திருத்தி எழுதியதில் சித்திக்கு இரண்டு வாக்கியம் மிஞ்சியது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தபோது அதைச் சொல்ல எங்களிடம் வழி இருக்கவில்லை; கோயிலும் மருத்துவமும் ஒன்றையொன்று தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டன என்று. பிறகு குறுஞ்செய்திச் சேவையில் என்ன கற்றேன் என்பது. நான் எதில் வலு, எதில் இன்னும் பச்சை என்பது. அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவர் குடியேறிய குடும்பங்களைப் பற்றிச் செய்துவரும் ஆய்வு எனக்கு ஏன் முக்கியம் என்பது. படிக்க உணர்ச்சி குறைந்துபோய்விட்டது என்று கணவர் வருத்தப்பட்டார். அக்காவிடம் காட்டினேன். "இப்போ உன்னோட ஒரு மணி நேரம் உக்காந்து பேசலாம்னு தோணுது" என்றார்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதற்குப் பல பட்டியல்கள் இருக்கின்றன, எல்லாம் தரவரிசை. எனக்கு உதவியது ஒரே கேள்வி: பிராக்டிகம் செய்ய இடத்தை யார் பிடித்துத் தருவார்கள்? சில துறைகளுக்கு மருத்துவமனைகள், சமூக மையங்களோடு பழைய உறவு இருக்கும். சில இடங்களில் மாணவரே ஊரெல்லாம் மின்னஞ்சல் அனுப்பித் தேட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும். இணையவழிப் படிப்புகளில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. இன்னொன்று பணம். முனைவர் பட்டத்தில் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்த முதுகலையில் பெரும்பாலும் கைக்காசு. ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதை 60ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் சம்பளம் இல்லாதது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நேர்முகம் ஜூமில், குழுவாக. எட்டுப் பேர், இரண்டு பேராசிரியர்கள். ஒரு சூழலைக் கொடுத்து எங்களையே பேச விட்டார்கள்: கல்லூரி மாணவர் ஒருவர் தன் அறைத்தோழர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று வந்து சொல்கிறார், அடுத்து என்ன? மென்பொருள் உலகத்தில் இது எனக்குத் தெரிந்த ஆட்டம். முதலில் நல்ல பதிலைச் சொல்பவர் அங்கே ஜெயிப்பார். இங்கே பேராசிரியர்கள் பதில்களைக் குறித்துக்கொள்ளவே இல்லை. ஒருவர் வாயெடுத்து நிறுத்திக்கொண்டபோது அவருக்கு யார் வழி விட்டார்கள், இன்னொருவர் சொன்னதை யார் தன் வார்த்தையில் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள் என்பதில்தான் அவர்கள் கண் இருந்தது. சேர்ந்த பிறகு அந்தப் பேராசிரியர்களில் ஒருவரே இதைச் சொன்னார். தனியாகப் பேசியபோது கேட்ட கேள்வி ஒன்று: "எப்படிப்பட்டவரோடு உட்காருவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்?" என் அம்மா வயதுப் பெண் அழுதால் என்று சொன்னேன். அவர் அழுகையை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அது அவருக்காக இருக்காது, எனக்காக இருக்கும். அக்காவின் கேள்வி உள்ளே வேலை செய்துகொண்டிருந்ததால் வந்த பதில் அது.

இடம் கிடைத்தது.

முதல் பருவம் முழுக்க மூவர் மூவராக உட்கார வைத்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் ஆலோசனைக்கு வந்தவர், ஒருவர் பார்வையாளர், பிறகு மாறிக்கொள்வது. ஆலன் ஐவி என்ற உளவியலாளர் 1960களில் ஒரு காரியம் செய்தார். நல்ல ஆலோசகர் என்ன செய்கிறார் என்பதைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்தார். ஆம், இல்லை என்று முடியாத கேள்வி, சொன்னதன் சாரத்தைத் திருப்பிச் சொல்வது, சொல்லாமல் தெரியும் உணர்வுக்குப் பெயர் கொடுப்பது, தொகுத்துச் சொல்வது. ஒவ்வொன்றையும் தனியாகப் பழக வேண்டும். முதலில் இது எனக்கு நகைப்பாக இருந்தது. மனிதர்கள் பேசுவதை இப்படியா உரித்து வைப்பது என்று. ஒரு வாரம் கேள்வியே கேட்காமல் பத்து நிமிடம் பேச்சை நடத்தச் சொன்னார்கள். அப்போதுதான் என் பேச்சில் கேள்விகள் எவ்வளவு என்று புரிந்தது. சாப்பிட்டியா, மருந்து எடுத்தியா, ஏன் போகலை, யாரு சொன்னா என்று நாம் அன்பைக் கேள்வியாகவே காட்டிப் பழகியவர்கள். அதை எடுத்துவிட்டால் கையைக் கட்டியது போல் ஆகிறது. ஆறாவது, ஏழாவது நிமிடத்தில் எதிரில் இருந்த வகுப்புத் தோழி, நான் கேட்டிருக்கவே முடியாத ஒன்றைத் தானாகச் சொன்னாள்.

1965இல் வெளிவந்த ஒரு படத்தை வகுப்பில் போட்டார்கள். குளோரியா என்ற பெண் மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுகிறார்: கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். மூவரும் அந்தக் காலத்தின் மூன்று பெரிய சிகிச்சை வழிகளின் முகங்கள். எல்லிஸ் தொடங்கினால் நிறுத்துவதில்லை. கல்யாண வீட்டில் மூலையில் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிற பெரியப்பா மாதிரி. எனக்கு அவர் மேல்தான் பிரியம் வந்தது, பழகின குரல். ரோஜர்ஸ் அரை மணி நேரம் கிட்டத்தட்ட எதையும் சொல்லாமல் இருந்தார். குளோரியா மகளிடம் பொய் சொல்லலாமா என்று நேராகக் கேட்டபோதும் தீர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அதை மோசடி என்றார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இரண்டாம் முறை பார்த்தபோது, அவர் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் போய்க்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

தொழில் வழிகாட்டல் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. மனநலத்துக்கும் வேலை தேடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்தவர்களுக்குப் பேராசிரியர் வரலாறு சொன்னார்: 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ், நகரத்து இளைஞர்களுக்கு ஏற்ற வேலை எது என்று உட்கார்ந்து பேசி வழிகாட்ட ஒரு அலுவலகம் தொடங்கினார். எங்கள் துறை அங்கிருந்துதான் கிளைத்தது. வீட்டார் சொன்னதால் பொறியியல் படித்த நான் அந்தப் பாடத்தில் எல்லோரையும்விட அதிகம் பேசினேன்.

அறநெறிப் பாடத்தில் ஒரு நாள். 1969இல் பெர்க்லியில் தாத்தியானா தராசாஃப் என்ற பெண் கொல்லப்பட்டார். கொன்றவர், பல்கலைக்கழக மருத்துவமனையில் உளவியலாளரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த மாணவர். கொல்ல நினைப்பதை அங்கே சொல்லியிருந்தார். வளாகக் காவலர்களுக்குத் தகவல் போனது. அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை. 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. கொன்றவர் பெயர் பிரசென்ஜித் போடார், இந்தியாவிலிருந்து வந்த மேற்படிப்பு மாணவர். பெயர் திரையில் வந்ததும் வகுப்பில் இருந்த ஒரே இந்தியப் பெண்ணை யாரும் பார்க்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சி எனக்கு நன்றாகவே தெரிந்தது. அடுத்த வழக்கு டெக்சஸ். தீர்ப்பு 1999இல். தாப்பர் என்ற மனநல மருத்துவரின் நோயாளி தன் மாற்றாந்தந்தையைக் கொன்றுவிட்டார். குடும்பம் வழக்குப் போட்டது. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் கலிஃபோர்னியா வழியில் போகவில்லை. மாநிலச் சட்டப்படி மருத்துவத் துறையினருக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்கலாம். தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. ஒரே வாக்கியத்தைக் கேட்ட இருவர், மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறுவேறு செய்ய வேண்டியவர்கள். சட்டம் விட்ட இடத்தில் என்ன செய்வீர்கள் என்று பேராசிரியர் கேட்டுவிட்டு மணியடித்ததும் போய்விட்டார்.

பிராக்டிகம் ஒரு சமூக மையத்தில். கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப. வருகிறவர்களின் ஒப்புதலோடு உரையாடலைப் பதிவுசெய்து, ஒரு பகுதியை அட்சரம் பிசகாமல் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் நான் பயன்படுத்திய திறன் எது, ஏன் என்று குறிக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு. என் பதிவைப் பார்த்த மேற்பார்வையாளர் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் போட்டார். எதிரில் இருப்பவர் கண் கலங்கும் ஒவ்வொரு முறையும் என் உடம்பு ஒரு அங்குலம் முன்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கள், உங்களுக்காக அவர் அழுகையை நிறுத்துகிறார்" என்றார் மேற்பார்வையாளர். அதன்பின் பல வாரம் நான் நாற்காலியில் முதுகைச் சாய்க்கக் கற்றேன். அம்மா கேட்ட மூன்று வருடத்தில் ஒரு நல்ல பகுதி இதற்கே போனது.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கதையை எதிர்பார்ப்பார். வந்தவர் யார், என்ன ஆனார் என்று. சொல்ல முடியாது. பெயரை மாற்றிச் சொல்லலாமே என்பார்கள். வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மேலே சொன்ன கண்ணீரைக்கூட யாருடையதும் அல்லாத அளவுக்கு உரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் என்னிடம் கேட்பதைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் மையத்துக்கு வருகிற தெற்காசியப் பெண்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவார்கள்: கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தைங்க எத்தனை, எந்த ஊர். பாடநூல் தன்னைப் பற்றிப் பேசுவதைக் குறைக்கச் சொல்கிறது. ஆனால் இவர்களிடம் கேள்வியைக் கேள்வியாலேயே திருப்பினால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். ஊரையும் பிள்ளைகளையும் சொல்லிவிடுகிறேன். "உங்க மாமியாரும் இப்படித்தானா?" என்று வரும்போதுதான் நிதானிக்க வேண்டியிருக்கிறது. நாக்கு நுனியில் ஒரு கதை தயாராக இருக்கும், அருமையான கதை. அதை இப்போது சொன்னால் யாருக்குப் பயன் என்று ஒரு கணம் பார்க்கிறேன். பெரும்பாலும் எனக்கு. மிகச் சில முறை, அவருக்கு என்று தோன்றியிருக்கிறது. அப்போது இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிட்டுப் பேச்சை அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மேற்பார்வையாளரிடம் அதையும் பதிவில் காட்டியாக வேண்டும். ஒரு முறை ஏற்றுக்கொண்டார், ஒரு முறை நீண்ட நேரம் விவாதித்தோம்.

இப்போது இன்டர்ன்ஷிப்பின் கடைசிப் பகுதி. 240 மணி நேரம் நிறைய போக்குக் காட்டுகிறது. வருவதாகச் சொன்னவர் வராவிட்டால் அந்த மணி நேரம் கணக்கில் சேராது. புயல் எச்சரிக்கை வந்தால் நாள் முழுக்கப் போகும். உரிமத்துக்கான என்சிஇ தேர்வுக்கு 200 கேள்விகள், அதில் மதிப்பெண்ணுக்கு எண்ணப்படுவது 160; எந்த 160 என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. டெக்சஸ் சட்டவிதிகள் பற்றித் தனியாக ஒரு தேர்வு. அதன்பின் எல்பிசி அசோசியேட் என்ற இடைக்கால உரிமம், அந்த 3,000 மணி நேரம், அதில் நேரடியாக 1,500.

அசோசியேட் உரிமத்துக்கு விண்ணப்பிக்க, மேற்பார்வையாளர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். பலர் இதற்கு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். இந்த முறை நேர்முகம் எடுப்பது நான். மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்களிடம் பயிற்சி பெறுகிறவர் கடைசியாக எப்போது உங்களோடு முரண்பட்டார்? முதலாமவர் அப்படி நடந்ததாக நினைவில்லை என்றார். இரண்டாமவர் முரண்பாட்டை எப்படிக் கையாள்வது என்று ஒரு விளக்கம் தந்தார். மூன்றாமவர் சிரித்துவிட்டு, "போன செவ்வாய்க்கிழமை. அவள் சொன்னதுதான் சரி என்று இப்போதும் ஒத்துக்கொள்ள முடியவில்லை" என்றார். கட்டணம் மூவரில் அவருக்குத்தான் அதிகம். அம்மாவிடம் சொன்னேன். "கொறச்சுக் கேளு கண்ணு, குடுக்காமயா போயிருவாங்க" என்றாள். கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.